துண்டுச் சீட்டும் உரிமச் சீட்டும்

கொடகவெலவைச் சூழ்ந்த தோட்டங்களிலே பிறந்த மாணவர்களுக்கு அவர்தம் முன்னோர் வரலாற்றைக் கற்பிக்கும்போது, 'துண்டு' என்ற சொல்லை விளக்காமல் அப்பாற் செல்ல இயலாது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின், அவனது கடனைக் குறித்துத் துரை கொடுக்கும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்க்கும். தீர்த்த தொகை மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். இடம் மாறியது, கட்டு மாறவில்லை. 1921ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே அம்முறையை ஒழித்தது.

இன்று பள்ளிக் கணினியோடு வரும் உரிமச் சீட்டைக் காணுந்தோறும் அத்துண்டு நினைவுக்கு வருகிறது. உடலை வருத்திய அக்கொடுமைக்கு இது நிகராகாது. ஆயினும், கட்டிவைக்கும் முறையிலே ஓர் ஒற்றுமை உண்டு.

தொடக்க காலத்தில் மென்பொருள் தனிச் சரக்காக இருக்கவில்லை. இயந்திரத்தோடு சேர்ந்தே வந்தது. பயன்படுத்துவோர் தம் தேவைக்கேற்பத் திருத்தியும் கொண்டனர். 1969 ஜூனில் ஐ.பி.எம். நிறுவனம் அதற்குத் தனி விலை அறிவித்தது. 1976இல் பில் கேட்ஸ், விலை கொடாது படியெடுப்போரைத் திருடரெனச் சாடிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். உழைத்தவனுக்கு ஊதியம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால், விலை கொடுத்தவனுக்குப் பொருள் சொந்தமாயிற்றா? இல்லை! பயன்படுத்தும் அனுமதி மட்டுமே கிடைத்தது. திறந்து பார்க்கவோ திருத்தவோ அவனுக்கு உரிமையில்லை. எவ்வளவு காலம் பழுது நீக்கப்படும் என்பதையும் விற்றவனே வரையறுத்தான்.

2015இல் மைக்ரோசொப்ட் விண்டோஸ் 10ஐ வெளியிட்ட வேளையில், இதுவே கடைசிப் பதிப்பென்று அந்நிறுவன அலுவலர் ஒருவரே பேசினார். 2021இல் விண்டோஸ் 11 வந்தது. 2025 ஒக்டோபர் 14இல் பழையதற்கான இலவசப் பராமரிப்பு முடிந்தது. நன்றாக இயங்கிய எத்தனையோ கணினிகள், பாதுகாப்புச் சில்லு முதலிய உறுப்புகள் இல்லையென்று புதிய பதிப்புக்குத் தகுதியற்றவை ஆயின. மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும் தனிநபர், 30 டொலர் செலுத்தலாம், அல்லது தம் கணினியின் அமைப்புகளை நிறுவனத்தின் களஞ்சியத்தில் சேமிக்க இசையலாம் என்பன போன்ற வழிகளே காட்டப்பட்டன. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு இதனை எதிர்த்தது. அங்கு மட்டும் அந்நிபந்தனைகள் தளர்ந்தன. பொருளும் ஒன்று, நிறுவனமும் ஒன்று. குரல் எழுந்த இடத்திலே சலுகை. மௌனம் நிலவிய இடத்திலே கட்டணம்!

மாற்று வழி இல்லாமலில்லை. 1983இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் படித்துத் திருத்திப் பகிரத்தக்க கட்டற்ற மென்பொருளுக்கான முயற்சியை அறிவித்தார். 2001இல் கேரளப் பள்ளிகளிலே கணினிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, பாடம் ஒரே நிறுவனத்தின் சரக்கைச் சார்ந்திருப்பதை ஆசிரியர் சங்கத்தினர் எதிர்த்தனர். சில ஆண்டுகளில் அப்பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அம்மாற்றத்தை வேண்டிப் போராடியவர்கள் நம்மைப் போன்ற ஆசிரியர்களே.

துண்டும் தானாகக் கிழிந்துவிடவில்லை. பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் தொழிலாளருக்காகக் குரல் எழுப்பிய காலம் அது. பழைய கணினியே கணினியாகக் கிடைக்கும் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்கள், அதனைக் குப்பையில் எறியுமுன் ஒன்றுகூடிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவ்வியந்திரம் பழுதாகிவிட்டதா, அல்லது பழுதென்று நமக்குச் சொல்லப்பட்டதா?