கருவி செய்த கைகள்

மலேசியாவின் ரப்பர் வரலாற்றைக் கூறும் நூல்கள் பல உள. ரப்பர் சக்கரத்தில் ஓடிய வண்டிகளைப் பழுது பார்த்தவர்களைப் பற்றியோ, அவர்கள் தாமே செய்துகொண்ட கருவிகளைப் பற்றியோ பேசுவார் சிலரே.

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே உள்ளது சுங்கை சிப்புட். அண்மையிலுள்ள கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். பின்னர் மோட்டார் பெருகவே தோட்டங்களும் பெருகின. தமிழ்நாட்டு உழைப்பாளர் ஆயிரமாயிரமாகக் கப்பலேறினர். அவர்கள் வடித்த பால் கடல் கடந்து சென்று, டயராகித் தோட்டத்து லோரியிலேயே திரும்பி வந்தது.

லோரி வந்தால் பட்டறையும் வேண்டும். அதற்குரிய உதிரிப் பொருள்கள் கப்பலில் வந்தன. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கிய பின் அவ்வரவு அற்றது. வண்டிகள் கரிப்புகையால் ஓட்டப்பட்டன; ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயும் எரிபொருளாயிற்று. வாங்க இயலாததைச் செய்துகொள்ள வேண்டிய காலம் அது. இத்தகைய காலத்தில் கைகொடுப்பது கொல்லன் உலைக்களத்துக் கல்வியே.

முறிந்த லோரி ஸ்பிரிங்கின் பட்டை கரி மிகுந்த எஃகு. அதனைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அரத்துக்கு இணங்கும். உருவாக்கியபின் மீண்டும் செம்பழம்போல் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் உடையும். ஆகவே மெருகிட்டு மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். வைக்கோல் நிறம் தோன்றினால் சுரண்டிக்கு ஏற்ற பதம். ஊதா தோன்றினால் உளிக்கு. நீலம் தோன்றினால் திருப்புளிக்கு. இதனையே கொல்லர் துவைச்சல் என்பர். வெப்பமானி இல்லாத பட்டறையில் கண்ணே வெப்பமானி.

போர் முடிந்து, கப்பல்கள் மீண்டும் வந்தபோதும் இக்கல்வி பயனற்றுப் போகவில்லை. இன்று பழைய கார்களைப் புதுப்பிப்போர் வேறொரு தட்டுப்பாட்டைக் காண்கின்றனர். 1922 முதல் 1939 வரை செய்யப்பட்ட ஆஸ்டின் செவன் போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு, விட்வொர்த் 1841இல் வகுத்த முறையைத் தழுவிய ஸ்பானர்கள் வேண்டும். அவற்றின் எண் மரையின் குறுக்களவைக் குறிப்பது. வாயின் அகலத்தை அன்று. மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டினால் நழுவி நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும். உரிய ஸ்பானர் கிட்டாவிடில் எஃகுப் பட்டையை அராவிப் பொருந்தும் வாய் அமைத்துக்கொள்ளலாம். இறுகிய சக்கரத்தைத் தண்டினின்று கழற்றவும் இரு கொக்கிகளும் நடுவே ஒரு திருகும் கொண்ட இழுவையைச் செய்துகொள்ளலாம். கொக்கிகள் சக்கரத்தைப் பற்ற, திருகு தண்டை அழுத்தும், சம்மட்டியடி வேண்டுவதில்லை.

புதுப்பித்த கார் கண்காட்சிக்குச் செல்லும். அதற்கென அராவிய கருவியோ பழைய இரும்புக் கடைக்குச் செல்லும். கருவியுடன் துவைச்சல் போன்ற சொல்லும் மறையும். பட்டறை முதியோரிடம் இப்பெயர்களைக் கேட்டுத் தொகுப்பது தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எளிது. தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டு, மக்கள் நகரங்களுக்குச் சென்றுவிட்ட நிலையில், அப்பணி விரைந்து செய்யத்தக்கது.