கோலார் தங்கவயலில் மூச்சிரைப்பு நோய்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய சுரங்க நகரான கோலார் தங்கவயலில் ஆஸ்துமாவின் வரலாற்றைத் தனியாகப் பிரித்து எழுத முடியாது. குவார்ட்ஸ் பாறைத் தூசியால் வரும் சிலிகோசிஸ், காசநோய், ஆஸ்துமா மூன்றும் இங்கே ஒரே மாதிரிதான் வெளிப்பட்டன: மேடேறினால் இளைப்பு, இரவில் இருமல். எது எந்த நோய் என்று பிரித்தறிவதே இந்த நகரில் முதல்நிலை மருத்துவரின் நெடுநாளைய வேலை. அந்த முடிவைப் பொறுத்தே மருந்தும், பல வேளைகளில் இழப்பீடும் அமைந்தன.

ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் இங்கு சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்தது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர், கம்பெனி ‘லைன்’களின் தட்டி வீடுகளில் தங்கினர். தங்கம் குவார்ட்ஸ் படிவங்களுக்குள் இருந்தது. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. துளையிடும் இயந்திரமும் வெடியும் அதை நுரையீரலின் ஆழம் வரை போகும் பொடியாக்கின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தின் வெப்பத்தில் உழைப்பவர் வேகமாக மூச்சு வாங்குவார். தூசியும் அந்த அளவுக்கு உள்ளே போகும்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் அனுபவத்தை முன்வைத்து ஜோகன்னஸ்பர்க்கில் 1930இல் பன்னாட்டு சிலிகோசிஸ் மாநாடு நடந்தது. தங்கவயலை உள்ளடக்கிய மைசூர் அரசு 1940இல் சிலிகோசிஸ் இழப்பீட்டுக்கு விதிகள் வகுத்தது. தங்கவயல் தொழிலாளர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்த காப்லான், பர்டன் குழுவின் ஆய்வு 1947இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. இந்தியத் தொழில் மருத்துவத்தில் சிலிகோசிஸின் கதையில் இந்த ஆய்வுக்கு முக்கிய இடம் உண்டு. காப்லான் பின்னர் வேல்ஸ் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் முடக்குவாதத்தோடு சேர்ந்து வரும் நுரையீரல் முடிச்சுகளை 1953இல் விவரித்தார். மருத்துவ நூல்களில் அவர் பெயர் நிலைத்தது அதனால். தங்கவயல் நாட்களைப் பற்றி அந்நூல்கள் அதிகம் பேசுவதில்லை. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் சிலிகோசிஸ், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாயிற்று.

அப்படித் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ஆஸ்துமாவுக்கு அன்று இடமிருக்கவில்லை. அது தொழில்நோயாக எண்ணப்படவில்லை. இதில் ஒரு ஆபத்து இருந்தது: சுரங்கத் தொழிலாளியின் இளைப்பை ‘ஆஸ்துமா’ என்று எழுதிவிட்டால் தூசியின் மேல் கேள்வி எழாது. எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். சுரங்கத்தில் இறங்கியவருக்கும் ஆஸ்துமா வரும். எல்லாமே ‘சுரங்க மார்’ என்று விட்டுவிட்டால், எளிதில் அடங்கக்கூடிய நோயோடு அவர் வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டுவார்.

மருந்தின் பக்கம் பார்த்தால், ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகை பிடிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்துதான் இங்கிலாந்துக்குப் போனது. பிறகு அட்ரினலின் ஊசி, 1920களில் எஃபிட்ரின். திருப்பம் வந்தது 1969இல் சால்பியூட்டமால், 1972இல் உறிஞ்சும் பெக்லோமெத்தசோன் ஆகியவற்றோடு. முன்னது சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும். பின்னது அதன் அழற்சியையே தணிக்கும். இரண்டாவதுதான் உயிர் காப்பது. ஆனால் முதலாவது நிமிடங்களில் ஆறுதல் தருவதால் நோயாளிக்கு அதன் மேல்தான் நம்பிக்கை. உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ‘ஜினா’, சால்பியூட்டமாலை மட்டும் தனியாக நம்பியிருக்க வேண்டாம் என்று 2019இல்தான் திட்டவட்டமாகச் சொன்னது. நம் ஊர் கிளினிக்குகளில் இன்றும் இளைப்பு வந்தால் ஊசி, ஆவி, மாத்திரை, வீடு திரும்பல் என்ற சுற்று ஓய்ந்தபாடில்லை.

பிரித்தறிவதற்குப் பெரிய கருவி தேவையில்லை. காது கொடுத்துக் கேட்கும் நேரம் வேண்டும். ஆஸ்துமா ஏறி இறங்கும்: பின்னிரவில் கூடும், சளி பிடித்தால், தூசியில், புகையில் கிளம்பும், இடையில் முற்றிலும் அடங்கியும் இருக்கும். சிலிகோசிஸ் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. பத்து, இருபது ஆண்டுத் தூசிக்குப் பின் மெல்ல வந்து, சுரங்கத்தை விட்ட பிறகும் வளரும். எக்ஸ்ரேயில் முடிச்சுகள் தெரியும். ஸ்பைரோமீட்டர் இருந்தால், மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்துக்குப் பின் முதல் நொடியில் ஊதும் காற்று 12 சதவீதமும் 200 மில்லி லிட்டரும் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். இல்லாத இடத்தில், கையில் பிடித்து ஊதும் பீக் ஃப்ளோ மீட்டரில் 20 சதவீத உயர்வு போதிய சான்று. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும். ஆகவே பழைய சுரங்கத் தொழிலாளி இருமலோடு வந்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ‘எந்த ஷாஃப்டில், எத்தனை வருஷம்?’ என்ற கேள்வி இங்கே நாடி பார்ப்பதற்குச் சமம்.

1956இல் மைசூர் அரசிடமும், 1962இல் மத்திய அரசிடமும், 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்திடமும் சென்ற சுரங்கங்கள் 28 பிப்ரவரி 2001இல் மூடப்பட்டன. சாம்பியன் ரீஃப்பில் தொழிலாளர் குடும்பங்கள் நம்பியிருந்த கம்பெனி மருத்துவமனையும் கைவிட்டுப்போனது. எஞ்சி நிற்பவை சயனைடு மேடுகள்: தங்கம் பிரித்தபின் கொட்டிய 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட மாவுப் பொடி. ஆடிக் காற்றில் அது லைன்களின் மேல் வந்து படிகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அதைக் கிளப்ப எந்தத் தூசியும் போதும்.

சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் மருத்துவர் பரமேஷின் பதிவுகளின்படி, மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் ஆஸ்துமா 1979இல் 9 சதவீதம்; 1999இல் 29.5 சதவீதம். 2012இல் வெளியான பல மைய ஆய்வு, இந்தியப் பெரியவர்களிடம் ஆஸ்துமா 2.05 சதவீதம் என்றது. உலக ஆஸ்துமா மரணங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் நிகழ்வதாக 2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீடு காட்டுகிறது. நோயாளிகளின் பங்கோ 13 சதவீதம் அளவே. இந்த இடைவெளிக்குப் பெருங்காரணம் அழற்சி தணிக்கும் இன்ஹேலர் போய்ச் சேராததும், சேர்ந்தும் தொடராததும்தான்.

தங்கவயலில் மருந்தைத் தொடர்வதற்கு இன்னொரு தடையும் உண்டு. மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் ஊரில் இருப்பதில்லை. இரண்டு மாத மருந்தை ஒரே முறையில் கொடுப்பது, இன்ஹேலரை ஸ்பேஸரோடு உறிஞ்சிக் காட்டச் சொல்லிப் பார்ப்பது, ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் கிளினிக்கைத் திறந்து வைப்பது போன்றவை இவர்களுக்குப் புது மருந்தைவிட அதிகம் உதவும்.