அச்சேறாத நூலும் அறிவின் விக்கிரகங்களும்

மனித அறிவு சமமான கண்ணாடி அன்று. மனித இயல்பு, தனிமனிதனின் வளர்ப்பு, வழங்கும் சொற்கள், கற்ற கோட்பாடுகள் ஆகிய நான்கும் அதில் விழும் உருவங்களைத் திரித்துவிடுகின்றன என்பதைப் பிரான்சிஸ் பேக்கன் 1620ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இவற்றிற்கு அவர் இட்ட பெயர் விக்கிரகங்கள் என்பதாகும். திருப்பணி வரலாற்றிலும் இவ்விக்கிரகங்களை நாம் காண்கிறோம்.

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழரை நாகரிகமற்றோர் எனக் கருதும் ஐரோப்பிய எண்ணத்தோடேயே வந்தார். தமிழைக் கற்று, ஓலைச்சுவடிகளைப் படித்த பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று. 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை அவர் செருமன் மொழியில் பெயர்த்தார்.

தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை விளக்கும் நூலொன்றை எழுதி, 1713இல் ஆலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த பிராங்கே அதனை அச்சிட இசையவில்லை. புறச்சமயத்தை அகற்ற அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவது தகாது என்பது அவர் கருத்து. அந்நூல் 1867இல்தான், அதுவும் பதிப்பாசிரியரின் மாற்றங்களோடு, சென்னையில் அச்சேறிற்று. மூலப்படியைத் தழுவிய பதிப்பு 2003இல் தானியேல் ஜெயராஜ் அவர்களால் வெளிவந்தது.

பிராங்கே இரக்கமற்றவர் அல்லர். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்த பக்திமான். ஆகவே முற்சாய்வு தீயோருக்கு மட்டும் உரியது என நாம் எண்ணலாகாது. நற்பணியின் ஆர்வமே கண்ணை மறைத்துவிடவும் கூடும். சீகன்பால்கும் இதற்கு முற்றிலும் விலக்கானவர் அல்லர். தமிழரின் சமயத்தை அவர் நுணுகி ஆராய்ந்தார். ஆயினும் அதனைப் புறச்சமயம் என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கியே எழுதினார்.

குறை வெளிநாட்டாரிடம் மட்டுமே இருந்தது எனவும் நாம் அமைதி கொள்ள இயலாது. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது எனக் கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினர். ஒரே மொழி பேசி, ஒரே வேதத்தை வாசித்தவர்களுக்கும் அருகில் அமர்ந்தவரை உடன்பிறப்பாகக் காண்பது அரிதாயிற்று.

பிறரை அறியும் முயற்சியில் சீகன்பால்கு முதலில் செய்தது, அவர்களின் மொழியைக் கற்று, அவர்கள் சொல்வதைக் கேட்டதேயாகும். பிற சமயத்தாரைப் பற்றியும், நம் சபையிலேயே ஒதுக்கப்பட்டோரைப் பற்றியும் நாம் கொண்டுள்ள முடிவுகளில் எத்தனை அவர்களிடமே கேட்டறிந்தவை என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.