வில்லைகளும் எல்லைகளும்: கமரா இணைப்பு வளையம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒளிப்படக்கலையின் வரலாறு பெரும்பாலும் கமராக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்தக் கமரா வெளிவந்தது, அதனை எந்தக் கம்பனி செய்தது, எந்தப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் அதனைக் கையாண்டார் என்பனவே அவ்வரலாறுகளின் உள்ளடக்கமாக அமைவன. கமராவுக்கும் அதன் வில்லைக்கும் இடையே நிற்கும் சிறு உலோக வளையத்துக்கு அவற்றிலே இடம் கிடைத்ததில்லை. ஆயினும் பொருளின் வாழ்நாளை நிர்ணயிப்பவர் யார், அதனைச் செய்தவரா பயன்படுத்துபவரா என்ற வினாவை எழுப்புவதற்கு இவ்வளையத்தினும் பொருத்தமான சான்று காண்பது அரிது.

இன்று ஆடியில்லாக் கமரா ஒன்றை வைத்திருப்பவர், 1950களில் ட்றெஸ்டனிலோ தோக்கியோவிலோ உருவான வில்லையொன்றை ஓர் இணைப்பு வளையத்தின் துணையோடு அதிற் பொருத்திப் படமெடுக்கின்றார். செய்த கம்பனி வேறு, நாடு வேறு, காலமும் வேறு. இதனைப் புதிய நுட்பம் அளித்த கொடை எனக் கொள்வோர் பலர். அக்கருத்துப் பாதியளவே உண்மையாகும். வில்லையை இடம்மாற்றும் உரிமை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாகப் பெறப்பட்டும் இழக்கப்பட்டும் மீளப் பெறப்பட்டும் வந்த ஒன்று. ஓர் அளவு எப்போது பொதுவுடைமையாயிற்றோ அப்போது வில்லைகள் வாழ்ந்தன. எப்போது தனியுடைமையாயிற்றோ அப்போது அவை மடிந்தன. இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஓர் அளவின் ஆட்சி

வரலாற்றுட் புகுமுன் பௌதிக உண்மையொன்றை மனங்கொள்ளல் வேண்டும். வில்லை பொருத்தப்படும் வாயின் விளிம்புக்கும், படச்சுருள் அல்லது இன்றைய மின் உணரி அமைந்துள்ள தளத்துக்கும் இடையே ஒவ்வொரு கமரா வகையிலும் ஒரு நிலையான தூரம் உண்டு. இதனை விளிம்புத் தூரம் என்போம். முடிவிலியில் உள்ள பொருளின் விம்பம் அத்தளத்திற் கூர்மையாக விழவேண்டுமாயின், வில்லை தனக்குரிய தூரத்தில் நிற்றல் வேண்டும். மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு பிசகினும் விம்பம் மங்கும்.

இதிலிருந்து ஓர் எளிய விதி பிறக்கின்றது. நீண்ட விளிம்புத் தூரத்துக்கெனச் செய்யப்பட்ட வில்லையைக் குறுகிய தூரமுடைய கமராவிற் பொருத்தலாம். குறைபடும் இடைவெளியை ஒரு வளையம் நிரப்பிவிடும். இதன் மறுதலை இயலாது. வில்லை செல்லவேண்டிய இடத்தைக் கமராவின் உடலே அடைத்துக்கொண்டிருப்பின் வளையத்தாற் செய்யக்கூடியது எதுவுமில்லை. இடையே கூடுதலான கண்ணாடி வைத்துச் சரிசெய்யலாமாயினும் அது வில்லையின் இயல்பை மாற்றிவிடும். ஆகவே, ஒரு வில்லை எங்கே குடிபெயரலாம் என்பது இரண்டு எண்களுக்கிடையிலான கழித்தற் கணக்கிலேயே தங்கியுள்ளது.

2. பூச்சியம் பொறித்த கமரா

ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரில் ஏர்ன்ஸ்ட் லைற்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஒஸ்கார் பார்னக் உருவாக்கிய லைக்கா, 1925ஆம் ஆண்டு லைப்சிக் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதன் வில்லை கழற்ற முடியாதது. 1930இலே 39 மில்லிமீற்றர் விட்டமுடைய திருகுபுரி வாயுடன் வில்லை மாற்றத்தக்க லைக்கா வெளிவந்தது. ஆயின் அந்த மாற்றம் பெயரளவிலேயே இருந்தது. விளிம்புத் தூரம் கமராவுக்குக் கமரா சிறிது வேறுபட்டமையால், ஒவ்வொரு வில்லையும் அதற்குரிய ஒரே கமராவுக்கென்று தொழிற்சாலையிற் சரிசெய்யப்பட்டு, அக்கமராவின் இலக்கத்தின் இறுதி எண்கள் அதிற் பொறிக்கப்பட்டன.

1931இல் நிலைமை மாறியது. விளிம்புத் தூரம் 28.8 மில்லிமீற்றர் என வரையறுக்கப்பட்டது. இவ்வரையறைக்கு அமைந்த கமராக்களின் வாயிலே பூச்சியம் ஒன்று பொறிக்கப்பட்டது. பெறுமதி எதனையும் குறியாத அச்சிறு குறியே இவ்வரலாற்றின் தொடக்கம் எனலாம். தனக்குரிய கமராவின் இலக்கத்தைத் தாங்கி நின்ற வில்லை, அன்று முதல் எந்த லைக்காவிலும் குடியேறும் உரிமையைப் பெற்றது.

வரையறுக்கப்பட்ட அளவு எல்லை கடக்கவும் வல்லது. மக்கரென்கோ வழிநடத்திய கார்க்கொவ் இளைஞர் கொம்யூனில் 1934இல் ஃபெட் என்னும் கமராவின் உற்பத்தி தொடங்கிற்று. அது லைக்காவின் நேர்ப் பிரதியாகும். போருக்குப் பின்னர் சோர்க்கி என்ற சோவியத் கமராவும், யப்பானின் கனொன் முதலியனவும் 39 மில்லிமீற்றர் புரியையே தமதாக்கிக்கொண்டன. தோல்வியுற்ற ஜேர்மனியின் ஆக்கவுரிமைகள் வலுவிழந்தமை இதற்கு வழிசமைத்தது.

3. லைக்காவில் ஏறிய நிக்கோர்

பொது அளவின் பயனை உலகம் கண்கூடாகக் கண்டது 1950இலேயே எனலாம். அமெரிக்காவின் ‘லைப்’ சஞ்சிகையின் ஒளிப்படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன், தோக்கியோவிலே நிப்பொன் கோகாக்கு நிறுவனத்தின் நிக்கோர் வில்லைகளைச் சோதித்துப் பார்த்து அவற்றின் கூர்மையைக் கண்டு வியந்தார். அவர் தமது லைக்காக்களை எறிந்துவிடவில்லை. அவற்றிலேயே நிக்கோர் வில்லைகளைத் திருகிப் பொருத்தினார். அவ்வாண்டு வெடித்த கொரியப் போரை அக்கூட்டுக் கருவிகளாலேயே பதிவுசெய்தார். மலிவான போலிகளின் நாடு என மேற்குலகம் கருதிவந்த யப்பானின் ஒளியியற் கைத்தொழில் மதிப்புப் பெறுவதற்கு அப்படங்கள் பெருந்துணை புரிந்தன.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் நிக்கோரின் சிறப்புக்குச் சான்றாகவே எடுத்துக் கூறப்படுகின்றது. ஆயின், லைக்காவின் வாய் பிற கம்பனியாருக்கு மூடப்பட்டிருந்தால் டங்கன் அவ்வில்லையைச் சோதித்துப் பார்ப்பதற்கே வாய்ப்பு இருந்திராது. புதிதாக வருபவன் தன் தகுதியைக் காட்டுவதற்கு முன்னவன் வீட்டு வாயில் திறந்திருத்தல் வேண்டும்.

இதே நிப்பொன் கோகாக்கு தனது சொந்தத் தூரமானிக் கமராவுக்குச் சைஸ் இக்கொன் நிறுவனத்தின் கொன்டாக்ஸ் கமராவை ஒத்த வாயை அமைத்தது. ஒன்றின் வில்லை மற்றதிற் பொருந்தும். ஆயினும் குவியப்படுத்தும் பொறியமைப்பில் இருந்த நுண்ணிய வேறுபாட்டால், நீள்குவிய வில்லைகளில் விம்பம் பிசகும். பொருந்துதல் வேறு, உடன்படுதல் வேறு என்பதனை இது உணர்த்துகின்றது.

லைற்ஸ் நிறுவனம் 1954இல் எம்3 கமராவை வெளியிட்டபோது திருகுபுரியைக் கைவிட்டுச் சுழற்றிப் பூட்டும் வாயை ஏற்றது. ஆனால் விளிம்புத் தூரத்தை 27.8 மில்லிமீற்றராக அமைத்தது. பழைய தூரத்துக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு சரியாக ஒரு மில்லிமீற்றர். அத்தடிப்புடைய வளையமொன்றினால் 1930களின் வில்லைகள் யாவும் புதிய கமராவிற் பணிபுரிந்தன. முற்போக்கும் பழைமைபேணலும் ஒன்றையொன்று விலக்கவேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

4. ஆடியும் 42 மில்லிமீற்றரும்

போரின் பின்னர் ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமரா தலையெடுத்தது. வில்லையூடாக வரும் ஒளியை ஓர் ஆடி மேலே தெறிக்கச் செய்ய, படப்பிடிப்பாளர் வில்லை காண்பதையே தாமும் காண்பார். அவ்வாடி எழுந்து விலகுவதற்கு இடம் வேண்டும். எனவே இவ்வகைக் கமராக்களின் விளிம்புத் தூரம் பெரும்பாலும் 42 முதல் 47 மில்லிமீற்றர் வரை நீண்டது.

1949இல் ட்றெஸ்டனில் உருவான கொன்டாக்ஸ் எஸ், பிராக்டிக்கா ஆகிய கமராக்கள் 42 மில்லிமீற்றர் விட்டமுடைய திருகுபுரியை ஏற்றன. அதன் விளிம்புத் தூரம் 45.46 மில்லிமீற்றர். யப்பானின் அசாகி நிறுவனம் 1957இல் தனது பென்டாக்ஸ் கமராவில் இதனையே கையாண்டது. சோவியத்தின் செனிற் கமராக்களும் இவ்வழியே வந்தன. கெடுபிடிப் போர் உலகை இரு கூறாக்கியிருந்த காலத்திலே, கிழக்கு ஜேர்மனியில் தோன்றிய புரியொன்று மொஸ்கோவையும் தோக்கியோவையும் ஒரே அளவால் இணைத்தது கருதத்தக்கது. சிறு கம்பனிகளும் அச்சமின்றி வில்லைகளைச் செய்தன. குறைந்த வருவாயுடையோரும் அவற்றை வாங்கினர்.

5. இரு பாதைகள்

திருகுபுரியைச் சுழற்றிக் கழற்றக் காலம் செல்லும். ஒளித்துவாரத்தின் நிலையைக் கமராவுக்கு அறிவிக்கும் பொறிகளை அதில் அமைப்பதும் கடினம். எனவே அதனைக் கைவிடவேண்டிய நிலை பிறந்தது. கைவிட்ட முறையிலேதான் வேறுபாடு தோன்றிற்று.

அசாகி நிறுவனம் 1975இல் சுழற்றிப் பூட்டும் புதிய வாயை ஏற்றபோது 45.46 மில்லிமீற்றர் தூரத்தை மாற்றவில்லை. வாயைச் சற்று அகலமாக்கி, அதனுள்ளே அடங்கும் வளையமொன்றையும் தானே விற்றது. பழைய வில்லைகள் புதிய கமராவில் வாழ்ந்தன.

மினோல்ட்டா 1985இல் தன்னியக்கக் குவியக் கமராவை வெளியிட்டபோது விளிம்புத் தூரத்தை 43.5 இலிருந்து 44.5 மில்லிமீற்றருக்கு உயர்த்தியது. கனொன் 1987இலே 42 மில்லிமீற்றரைக் கைவிட்டு 44ஐ ஏற்றது. ஒன்றில் ஒரு மில்லிமீற்றர், மற்றதில் இரண்டு. அம்மாற்றத்தினால் இரு கம்பனிகளினதும் பழைய வில்லைகள், வளையத்தால் மட்டும் கடக்கவியலாத எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டன. கண்ணாடி கொண்ட இணைப்புக் கருவியொன்றைக் கனொன் அளித்ததாயினும் அது சில நீள்குவிய வில்லைகளுக்கே பயன்பட்டது.

இதனைச் சதியென்று கூறுதல் வரலாற்று நேர்மையாகாது. அகன்ற வாயும் மின் தொடர்பும் கனொனின் புதிய வில்லைகளுக்கு உண்மையான வலிமையைத் தந்தன. ஆயினும், ஆண்டுக்கணக்காகச் சேமித்து வில்லைகளை வாங்கியவரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. கண்ணாடியைத் தீட்டிய தொழிலாளியின் உழைப்புக் கெடவில்லை; வில்லையும் கெடவில்லை. அவற்றுக்குரிய கமரா மட்டும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது.

6. ஆடி நீங்கிய பின்

2008ஆம் ஆண்டு ஒலிம்பஸ், பனசொனிக் ஆகியன கூட்டாக ஆடியில்லாக் கமராவுக்கான புதிய நியமமொன்றை அறிவித்தன. பனசொனிக் ஜி1 அவ்வாண்டிலேயே வெளிவந்தது. ஆடி நீங்கவே விளிம்புத் தூரம் ஏறத்தாழ 20 மில்லிமீற்றராகச் சுருங்கியது. சோனி 2010இல் 18 மில்லிமீற்றரை ஏற்றது. நிக்கொன் 2018இல் 16 ஆகக் குறைத்தது.

இக்கமராக்களைச் செய்தோரின் முதன்மை நோக்கம் கருவியைச் சிறிதாக்குதலே. பயனோ எதிர்பாராத அளவு பரந்தது. 42இலிருந்து 18ஐக் கழிப்பின் 24 மில்லிமீற்றர். அந்நீளமுள்ள வெறுங் குழாய் ஒன்று, 1987இல் அநாதையாக்கப்பட்ட கனொன் வில்லையைச் சோனி கமராவில் முடிவிலி வரை காணச் செய்தது. மினோல்ட்டாவின் வில்லைக்கு 25.5 மில்லிமீற்றர் போதுமாயிற்று. பெட்டிகளிற் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தவை மீண்டும் சந்தைக்கு வந்தன.

இதற்குக் குறைகளும் உள. சிறிய உணரியுடைய கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லை அகலக் காட்சியை இழந்து நீள்குவிய வில்லைபோல் நடந்துகொள்ளும். தூரமானிக் கமராவின் அகலக்கோண வில்லைகள் உணரியின் ஓரங்களுக்குச் சரிந்த ஒளியைச் செலுத்துவதனால் அங்கே மங்கலும் நிறப்பிசகும் தோன்றும். குவியத்தையும் ஒளித்துவாரத்தையும் கையாலேயே இயக்கவேண்டும். எனினும், கையாலே இயக்க முடிவதுதான் அவ்வில்லைகள் பிழைத்தமைக்குக் காரணம். 1987க்குப் பிந்திய கனொன் வில்லைகளிற் பெரும்பாலானவற்றில் ஒளித்துவாரத்தை மாற்றும் வளையம் இல்லை. கமரா மின்குறிப்பு அனுப்பினாலன்றித் துவாரம் அசையாது. பழைய வில்லைக்குக் குழாய் போதும். புதிய வில்லைக்கு அதன் மொழியறிந்த வளையம் வேண்டும்.

எனவே போராட்டம் நீளத்திலிருந்து மொழிக்கு இடம்பெயர்ந்துள்ளது. சோனி 2011இல் தனது வாயின் அடிப்படை விவரங்களை வில்லை செய்வோருக்கும் வளையம் செய்வோருக்கும் கட்டணமின்றி வழங்க முன்வந்தது. லைக்கா, பனசொனிக், சிக்மா ஆகிய மூன்றும் 2018இல் ஒரே வாயைப் பகிர உடன்பட்டன. மாறாக, 2022இல் கனொன், தனது புதிய வாய்க்கெனத் தன்னியக்கக் குவிய வில்லைகளைச் செய்த வில்ட்ரொக்ஸ் என்ற சீன நிறுவனத்திடம் ஆக்கவுரிமையைக் காட்டி விற்பனையை நிறுத்துமாறு கோரியது. 2024இலே சிக்மா, தம்றொன் ஆகியவற்றுக்கு அனுமதியளித்து அவ்வாயிலைச் சற்றே திறந்தது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஆடி நீங்கியமை பழைய வில்லைகளுக்கு வாயிலைத் திறந்தது என்பது மெய்யே. ஆயினும் அவ்வில்லைகளின் அளவுகள் அனைவரும் அளந்தறியக்கூடிய நீளங்களாக இருந்தமையாலேயே வளையம் செய்வது சாத்தியமாயிற்று. நீளத்தை எவராலும் மறைத்துவைக்க முடியாது. அளவுகோல் உள்ள எந்தப் பட்டறையும் அதனைக் கண்டறியும். மின்குறிப்பின் மொழியோ மறைக்கத்தக்கது, மாற்றத்தக்கது, விற்பவர் விரும்பும் நாளில் மறுக்கத்தக்கது.

இன்று செய்யப்படும் வில்லைகளை அறுபது ஆண்டுகளின் பின் வேறொரு தலைமுறை எடுத்துப் பயன்படுத்துமா என்பது கண்ணாடியின் தரத்தில் மாத்திரம் தங்கியதன்று. 1931இல் பூச்சியம் ஒன்றைப் பொறித்தபோது வெற்ஸ்லார் தொழிற்சாலையினர், எந்த வில்லையும் எந்தக் கமராவுக்கும் உரியது என்ற ஒழுங்கை ஏற்படுத்தினர். அவ்வொழுங்கை மின்குறிப்பின் மொழியிலும் எழுதச் செய்வதே இன்றைய தேவையாகும். அதனைக் கோரும் உரிமை வில்லையை விலைகொடுத்து வாங்கியவர் அனைவருக்கும் உண்டு.