நாடோடியம்: ஐரோப்பியக் கருத்தும் பெங்களூரு வட்டார அனுபவமும்

நாடோடியம் என்பது ஓர் ஊரில் நிலைத்துத் தங்காமல், பருவத்தையும் பிழைப்பையும் ஒட்டி இடம் மாறி வாழும் முறையைக் குறிக்கும். அந்த வாழ்க்கையைப் பற்றிச் சிந்தனையாளர்கள் வளர்த்த கருத்துகளும் இதே பெயரால் வழங்கும். 18ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய அறிவுலகம் நாடோடியை மூன்று விதமாகக் கண்டது: வளர்ச்சியின் கீழ்ப்படியில் நிற்பவன், ஒழுங்குக்குப் பகைவன், விடுதலையின் உருவம். இவற்றுள் முதல் இரண்டும் காலனி ஆட்சியின் வழியாகத் தென்னிந்தியாவுக்கு வந்து மக்களின் வாழ்வை மாற்றின. லம்பாணிகள், கொரமர், கொரச்சர், ஹக்கிபிக்கிகள், கம்பளி ஆடு மேய்க்கும் குருபர்கள் எனப் பலர் நடந்து கடந்த பெங்களூரு வட்டாரத்தில் அந்தக் கருத்துகளின் விளைவைத் தெளிவாகக் காணலாம்.

ஐரோப்பியச் சிந்தனையில்

மான்டெஸ்கியூ 1748இல் வெளியிட்ட ‘சட்டங்களின் சாரம்’ நூலில், நிலத்தை உழாத மக்களின் சட்டங்களைத் தனியே ஆராய்ந்தார். ஆடம் ஸ்மித் 1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில், மனித சமூகம் வேட்டை, மேய்ச்சல், உழவு, வணிகம் என்னும் நான்கு படிகளில் முன்னேறுகிறது என்றார். இந்த வரிசையில் மேய்ப்பவன் உழவனுக்கு முந்தைய காலத்தவன் ஆனான். ஒரே காலத்தில் அருகருகே வாழ்ந்து, ஒருவரையொருவர் நம்பியிருந்த இரு தொழிலாளர்களில் ஒருவர் பழைமையின் மிச்சமாகக் கருதப்பட்டார்.

இம்மானுவேல் கான்ட் 1781இல் ‘தூய அறிவின் விமர்சனம்’ முன்னுரையில், எதையும் ஐயுறும் தத்துவவாதிகளை நிலத்தில் தங்கிப் பயிரிடுவதை வெறுக்கும் நாடோடிகளுக்கு ஒப்பிட்டார். 1783இல் ஜெர்மானியரான ஹைன்ரிஷ் கிரெல்மன், ஐரோப்பாவின் ரோமா மக்கள் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை மொழிச் சான்றுகளால் வலியுறுத்தினார். அதே நூல் அவர்களைப் பற்றிய இழிவான கற்பனைகளையும் பரப்பியது. 1851இல் ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைகளைப் பற்றிய தம் பெருநூலை, மனித இனமே அலைவோர், தங்குவோர் என இரண்டாகப் பிரிகிறது என்ற வாதத்தோடு தொடங்கினார். அலைந்து திரிதல் ஒருவரின் இயல்பு, ஏறக்குறைய பிறவிக் குணம் என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

பொதிமாடுகளும் போரும்

ஐரோப்பியர் இப்படி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், தக்காணத்தின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பங்கை நாடோடிகளே சுமந்தார்கள். பஞ்சாராக்கள் எனவும் லம்பாணிகள் எனவும், தமிழ்நாட்டில் லம்பாடிகள் எனவும் அழைக்கப்படுவோர் ‘தாண்டா’ என்னும் கூட்டமாக, ஒரு நாயக்கின் தலைமையில் பொதிமாடுகளை ஓட்டிச் சென்றனர். கடற்கரை உப்பு உள்நாட்டுக்கும், விளைந்த இடத்துத் தானியம் விளையாத இடத்துக்கும் அவர்கள் வழியே போய்ச் சேர்ந்தது. சங்கப் பாடல்களில் வரும் உமணர் உப்பு வண்டிகளோடு செய்த வேலையும் இதுவே.

மூன்றாம் மைசூர்ப் போரில் பிரிட்டிஷ் படையை நடத்திய காரன்வாலிஸ் 1791 மார்ச்சில் பெங்களூருக் கோட்டையைப் பிடித்தார். அடுத்த சீரங்கப்பட்டணப் படையெடுப்பு மே மாதத்தில் தோற்றது. தீனியின்றி மாடுகள் மடிய, பெரிய பீரங்கிகளை அழித்துவிட்டு அவர் பின்வாங்கினார். 1792 பிப்ரவரியில் அவர் மீண்டும் சீரங்கப்பட்டணத்தைத் தாக்க முடிந்ததற்கு, பஞ்சாராக்கள் சுமந்து வந்த தானியம் முக்கியக் காரணம். பின்னாளில் ஆர்தர் வெல்லஸ்லியும் தம் தக்காணப் போர்களில் அவர்களையே நம்பினார். ஜான் பிரிக்ஸ் என்ற படை அதிகாரி அவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1819இல் பம்பாய் இலக்கியச் சங்க வெளியீட்டில் அச்சானது.

போர் முடிந்ததும் அவர்கள் தேவை குறைந்தது. பெங்களூருக்குத் தென்கிழக்கே பாரமகாலில் 1792 முதல் அலெக்சாண்டர் ரீடும், கிளாஸ்கோவில் படித்த தாமஸ் மன்றோவும் உருவாக்கிய ரயத்துவாரி முறை, வயலில் தங்கி வரி கட்டும் உழவனையே அரசின் நேரடிக் குடியாகக் கொண்டது. வழியில் வாழ்பவனுக்கு அந்தக் கணக்கேட்டில் பக்கம் இல்லை. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு கண்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்தது. ரயிலும் அரசின் உப்புக் கொள்கையும் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் உப்பும் தானியமும் சுமந்த குறவர்களின் வணிகத்தை எவ்வாறு முறித்தன என்பதை மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு விளக்குகிறது.

சந்தேகம் சட்டமானது

பிழைப்பு இழந்தவர்களின் நடமாட்டமே பிறகு குற்றமாகப் பார்க்கப்பட்டது. வைஸ்ராய் அவையின் சட்ட உறுப்பினர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் காலத்தில் 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. முதலில் வட இந்தியாவில் அமலாகி, 1911இல் சென்னை மாகாணத்தையும் எட்டியது. ஒரு சமூகம் முழுவதையும் குற்றப் பரம்பரை என அறிவிக்கவும், ஆட்களைப் பதிவு செய்யவும், நாள்தோறும் ஆஜராகச் சொல்லவும், அனுமதிச் சீட்டின்றி நகரவிடாமல் தடுக்கவும் அது வழி செய்தது. கைரேகை பதியும் கட்டாயத்தால் தமிழகத்தில் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றார்கள். நிலைகுடிகளான கள்ளர்களும் அதில் சிக்கி, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள்.

காவல் துறைக்காக எஃப். எஸ். முல்லாலி 1892இல் தொகுத்த சென்னை மாகாணக் ‘குற்ற வகுப்பினர்’ குறிப்புகளில் குறவர்களும் லம்பாடிகளும் இடம்பெற்றனர். அவர்களுள் லம்பாடிகள் நூறாண்டுக்கு முன் படைக்குச் சோறு போட்டவர்கள். சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று அது ஒழிந்தது. சட்டத்தின் பட்டியலிலிருந்து விடுபட்ட சீர்மரபினர் அந்த நாளை விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். ஆனால் வழக்கக் குற்றவாளிகள் சட்டங்கள் பல மாநிலங்களில் பழைய கண்காணிப்பைத் தொடர்ந்தன.

தத்துவத்தில் மறுபிறப்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் காற்று திசை மாறியது. அரசின் மீதே ஐயம் கொண்ட தலைமுறை நாடோடியிடம் மாற்று வழியைத் தேடியது. மானுடவியலாளர் பியர் கிளாஸ்ட்ர் 1974இல், அரசற்ற சமூகங்கள் அரசு உருவாவதைத் தாமே தடுக்கின்றன என்று வாதிட்டார். 1980இல் ஷீல் தெலூஸும் பெலிக்ஸ் குவாத்தாரியும் ‘ஆயிரம் பீடபூமிகள்’ நூலில் ‘நாடோடியியல்’ என்றே ஓர் இயலை எழுதினார்கள். அரசு இடத்தைக் கோடு கிழித்துப் பங்கிடுகிறது, நாடோடியோ எல்லையற்ற வெளியில் பரவுகிறான் என்பது அவர்களின் மையக் கருத்து. 1994இல் ரோசி பிரைடோட்டி இதைப் பெண்ணிய நோக்கில் விரித்தார்.

இந்தச் சிந்தனை நாடோடிக்கு மரியாதை தந்தது. ஆனால் அது மரியாதை தந்த நாடோடி பெரும்பாலும் ஓர் உருவகம். ‘ஆயிரம் பீடபூமிகள்’ நூலின் அடிக்குறிப்புகளை ஆராய்ந்த கிறிஸ்டோபர் மில்லர், அதன் சான்றுகள் காலனிக் கால மானுடவியலை எந்த அளவு சார்ந்துள்ளன என்று 1993இல் காட்டினார். எல்லையற்ற வெளி என்ற வருணனை தக்காணத்துக்குப் பொருந்தவும் இல்லை. இங்கு நாடோடியின் பாதை ஊர்கள், சந்தைகள், அறுவடை முடிந்த வயல்கள் வழியே செல்கிறது. ஊர்க்காரர்களோடு உறவு இல்லையேல் அந்தப் பாதையே இல்லை.

பெங்களூரிலிருந்து ஒரு விளக்கம்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மாதவ் காட்கில், மானுடவியலாளர் கைலாஷ் மல்ஹோத்ராவுடன் இணைந்து, மேய்ச்சல் சமூகமான தங்கர்களை ஆராய்ந்து 1982இல் கட்டுரை வெளியிட்டார். மழை மிகுந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் கவ்ளி தங்கர் எருமையும் மாடும் வளர்க்க, மழை குறைந்த சமவெளியில் ஹட்கர் தங்கர் ஆட்டு மந்தையோடு நடக்கிறார்கள். எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்பதை மழையும் நிலமும் தீர்மானிக்கின்றன என்று அந்த ஆய்வு காட்டியது.

இந்தப் பார்வையில் அலைதல் என்பது பிறவிக் குணமாகவோ தத்துவ நிலைப்பாடாகவோ இல்லை. ஒரே இடத்தில் ஆண்டு முழுதும் மேய்ச்சல் கிடைக்காத நாட்டில் அது தேர்ந்த நில அறிவு. ராமநாதபுரத்தில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் வயலில் கிடை போட, நிலத்துக்கு எருவும் கீதாரிக்குக் கூலியும் கிடைக்கின்றன. கர்நாடகத்தில் குருபர்களின் மந்தைகளும் அவ்வாறே வயலுக்கு எரு தந்து வந்தன. உழவும் மேய்ச்சலும் ஒன்றையொன்று தாங்கும் இந்த ஏற்பாடு, நான்கு படிக் கொள்கைக்கு நேரான மறுப்பு.

இன்றைய நிலை

ஹக்கிபிக்கிகள் பேசும் வாக்ரிபோலியைத் தமிழ்நாட்டின் நரிக்குறவர்களும் பேசுகின்றனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஹக்கிபிக்கிகளின் பறவை வேட்டையை நிறுத்தியது. பன்னேர்கட்டா அருகிலும் பிற இடங்களிலும் குடியேறிய பிறகும் அவர்கள் மூலிகை எண்ணெயும் மருந்தும் விற்க நெடுந்தூரம் செல்கிறார்கள். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது, கர்நாடக ஹக்கிபிக்கிகள் பலர் அங்கே சிக்கினார்கள். தாண்டாக்களிலிருந்து வந்த லம்பாணிகள் பெங்களூரின் கட்டடங்களை எழுப்பும் தொழிலாளர்களில் இருக்கிறார்கள். அதே நகரத்தில் மடிக்கணினியோடு ஊர் ஊராக இருந்து வேலை செய்வோர் ‘டிஜிட்டல் நாடோடி’ எனப் பெருமையாக அழைக்கப்படுகின்றனர். சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் 1997இல் அந்தப் பெயரில் நூல் எழுதினர்.

2023 ஜனவரியில் வட கர்நாடகத்தில் 50,000க்கு மேற்பட்ட லம்பாணிக் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பத்திரம் கிடைத்தது. சிறு சமூகங்களின் நிலை வேறு. 2025 ஆகஸ்டில் கர்நாடக அரசின் நீதிபதி நாகமோகன்தாஸ் ஆணையம், பட்டியல் சாதிகளில் 59 நாடோடிச் சமூகங்களுக்குத் தனியே 1 சதவீத உள்ஒதுக்கீடு பரிந்துரைத்தது. மாநில அமைச்சரவையோ அவர்களை லம்பாணி, போவி முதலிய பெரிய சமூகங்களோடு 5 சதவீதப் பிரிவில் சேர்த்தது. எண்ணிக்கையிலும் கல்வியிலும் வலுத்தவர்களோடு போட்டியிட முடியாது என்று அலெமாரி (நாடோடி) சமூகத்தினர் பெங்களூரு சுதந்திரப் பூங்காவில் போராடினார்கள்.

மதிப்பீடு

நாடோடியை இகழ்ந்த ஐரோப்பாவும் புகழ்ந்த ஐரோப்பாவும் ஒரே தவறைச் செய்தன: நடப்பவனைப் பார்த்தன, அவன் எதைச் சுமந்து யாருக்காக நடந்தான் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் தீர்வும் மாறுகிறது. குடியமர்த்துவது மட்டுமே முன்னேற்றம் என்று கொள்ளத் தேவையில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2022இல் எல்லா மாநிலங்களையும் எட்டியது. உரிமை ஓர் ஊரோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று. சாதிச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கை, வாக்குரிமை, மேய்ச்சல் வழி ஆகியவையும் அவ்வாறே நடப்பவரோடு நகர வேண்டும். நாடோடிகளுக்குப் பட்ட கடனை அரசு தீர்க்கும் முறை அது.