முன்பணம் தந்தவருக்கு என்ன உரிமை? திருமலைக் கல்வெட்டும் சித்தூர்ப் பாரதமும் கிக்ஸ்டார்ட்டரும்

2012 மார்ச் 13 அன்று இன்எக்ஸைல் என்னும் அமெரிக்க நிறுவனம், 1988இல் வெளிவந்த ‘வேஸ்ட்லேண்ட்’ என்ற கணினி விளையாட்டின் இரண்டாம் பாகத்தை உருவாக்கக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒன்பது லட்சம் டாலர் கேட்டது. ஏப்ரல் 17இல் நிதி திரட்டல் முடிந்தபோது 61,290 பேர் 29 லட்சம் டாலருக்கு மேல் தந்திருந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்சிடியன் நிறுவனம் 11 லட்சம் டாலர் கேட்டது. ஒரு மாதத்தில் 73,986 பேரிடமிருந்து ஏறத்தாழ 39.8 லட்சம் டாலர் சேர்ந்தது. அந்நிதியில் உருவானதே ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி’. பணம் தந்த நாளில் இவ்விரு விளையாட்டுகளும் உலகில் இல்லை.

இன்னும் உருவாகாத ஒன்றுக்கு முன்கூட்டிப் பணம் தருபவர் யார்? அவர் வாங்குபவரா, பங்குதாரரா, புரவலரா? இணையம் பெற்றெடுத்த புதுக் கேள்வியாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால், சித்தூர் – திருப்பதி வட்டாரத்தின் வரலாற்றில் இக்கேள்விக்கு இரண்டு பழைய விடைகள் உள்ளன. ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டது. மற்றொன்று ஊர்க்கூட்டத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. திரள்நிதியின் பொருளை உணர இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலில் புதிய கதை. பாத்திரமேற்பு விளையாட்டு என்பது ஆடுபவர் ஒரு கதைமாந்தராகி, அம்மாந்தரின் இயல்புக்கேற்ப முடிவுகளை எடுத்துக் கதையை நகர்த்தும் வகையாகும். 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டே இதன் மூலம். அது கணினிக்கு வந்து, 1990களின் இறுதியில் உச்சத்தை அடைந்தது. ‘ஃபால்அவுட்’ (1997), ‘பால்டர்ஸ் கேட்’ (1998), ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ (1999) ஆகியவை அக்காலத்தின் செவ்வியல் படைப்புகளாகக் கருதப்படுபவை. மேலிருந்து நோக்கும் காட்சியமைப்பும் நீண்ட உரையாடல்களும் நிதானமான போர்முறையும் அவற்றின் அடையாளங்கள். 2003 டிசம்பரில் பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் மூடப்பட்டதோடு ஒரு காலகட்டம் முடிந்தது. வெளியீட்டு நிறுவனங்களின் முதலீடு முப்பரிமாண விளையாட்டுகளுக்கும் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிகளுக்கும் சென்றது. பழைய வகைக்குச் சந்தை இல்லை என்பது அவற்றின் கணக்கு. 2012இல் திரண்ட தொகை அக்கணக்கைப் பொய்யாக்கியது.

கைம்மாறாக என்ன கிடைத்தது? சிறுதொகை தந்தவருக்கு விளையாட்டின் ஒரு படி. கூடுதலாகத் தந்தவருக்கு அச்சிட்ட கையேடும் வரைபடமும். பெருந்தொகை தந்தவருக்கு விளையாட்டுக்குள்ளேயே ஓர் இடம்: அவர் வடிவமைத்த ஒரு பாத்திரம், ஒரு விடுதி, அல்லது அவருடைய வாசகம் பொறித்த ஒரு நினைவுக்கல். ஆனால் நிறுவனத்தில் பங்கில்லை, இலாபத்தில் உரிமையில்லை. தான் ஒரு கடை அல்ல என்று கிக்ஸ்டார்ட்டர் 2012 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது.

இனித் திருமலைக்கு வருவோம். 1930களில் தேவஸ்தானம் தொகுதிகளாக வெளியிட்ட திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளில் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. அவற்றுள் விசயநகரக் காலத்தவை பலவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் கோயிலின் ஸ்ரீபண்டாரத்தில் இத்தனை பணம் செலுத்துகிறார். அத்தொகை கோயில் ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டப் பயன்படுகிறது. அதனால் பெருகும் விளைச்சலிலிருந்து அவர் பெயரால் தளிகையும் பண்ணியாரமும் படைக்கப்படுகின்றன. கொடையாளர்களில் அரசர்களும் படைத்தலைவர்களும் மட்டுமல்லர், வணிகர்களும் ஆசாரியர்களும் கோயிற்பணியாளர்களும் உண்டு. பர்ட்டன் ஸ்டெயின் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இவ்வேற்பாட்டின் பொருளாதாரத்தை முதன்முதலாகத் தெளிவாக விளக்கியது.

நம் கேள்விக்கு முதன்மையானது, இக்கல்வெட்டுகளில் மீண்டும் மீண்டும் வரும் ‘விட்டவன் விழுக்காடு’ என்னும் சொற்றொடர். கொடை விட்டவருக்கு உரிய பங்கு என்பது அதன் பொருள். இன்று நூற்றில் ஒன்றைக் குறிக்கும் ‘விழுக்காடு’ என்னும் சொல் அன்று ஒருவருக்கு வந்து சேரும் பங்கைக் குறித்தது. படைக்கப்பட்ட பிரசாதத்தில் பொதுவாக நான்கில் ஒரு பங்கு கொடையாளரைச் சேர்ந்தது. அவர் அதனைத் தாமே பெறலாம், வழித்தோன்றல்களுக்கு விடலாம், ஒரு மடத்துக்கோ அடியார்க்கோ மாற்றித் தரலாம். சந்திர சூரியர் உள்ளவரை இது நடக்கும் என்ற உறுதியும் கோயில் கணக்கரின் கையெழுத்தும் கல்லில் இடம்பெற்றன. ஆக, திருமலையின் விடை திட்டமானது: முன்பணம் தந்தவருக்கு அளவு வரையறுக்கப்பட்ட, காலவரையற்ற, கைமாற்றத்தக்க ஒரு பங்கு உண்டு. கோயில் அவருடைய உடைமையாவதில்லை. ஆனால் அவர் வெறும் வாங்குபவரும் அல்லர். அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும் 1976இல் எழுதிய கட்டுரை காட்டுவதுபோல், தென்னிந்தியக் கோயிலில் பங்கும் மரியாதையும் ஒன்றையொன்று பிரியாதவை.

இரண்டாம் விடை மலையடிவாரத்து ஊர்களில் இருக்கிறது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதி, அதற்குமுன் வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது; 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வெல்லைக் கோடுகளைப் பொருட்படுத்தாமல் இருபுறமும் வாழ்வது திரௌபதி – தருமராசர் வழிபாடு. செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டு ஆல்ஃப் ஹில்டபைட்டல் விரிவாக ஆராய்ந்த இவ்வழிபாட்டின் வட எல்லைப் பகுதிகளில் ஒன்றே சித்தூர். புத்தூர், ஸ்ரீகாளஹஸ்தி முதலிய ஊர்களின் தருமராசர் கோயில்களில் தீமிதித் திருவிழா இன்றும் பெருங்கூட்டத்தை ஈர்க்கிறது. ஊர்ப்புறங்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் கதைசொல்லல், இரவில் கூத்து. தமிழ்ப் பகுதிகளில் வில்லிபாரதம் வாசிக்கப்படும் இடத்தில், தெலுங்கு ஊர்களில் அரிகதை அமைகிறது. அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயர்ந்த மரத்தின் உச்சிவரை ஏறுகிறார். இறுதியில் மண்ணாலான துரியோதனன் உருவம் களத்தில் கிடக்கப் படுகளம் நிகழ்கிறது. ஊரே குருக்ஷேத்திரமாக, காண வந்தவர்களும் கதைக்குள் நிற்கிறார்கள்.

இதற்கான பணம் ஊர்ப்பணம். கூட்டம் கூடி, வீட்டுக்கு இவ்வளவு என்று வகுத்துத் திரட்டுவது வழக்கம். தமிழில் இதனை வரி என்பர். தெலுங்கில் சந்தா என்பர். இதழ்களுக்கு ஆண்டுதோறும் செலுத்தும் தொகையாகவே தமிழில் இன்று பெரும்பாலும் அறியப்படும் சந்தா என்ற சொல், பலரிடம் திரட்டும் பொதுநிதி என்னும் தன் பழம்பொருளைத் தெலுங்கில் இழக்கவில்லை. கூத்துக்குழுவுக்கு முன்பணம் கொடுத்து நாள் உறுதி செய்தபின்னரே விழா நடக்கும். தனியே தருபவர்களின் பெயர் விளக்கிலும் மணியிலும் சுவரிலும் ‘உபயம்’ என்ற சொல்லோடு எழுதப்படுகிறது. குழல்விளக்கின் வெளிச்சத்தையே மறைக்கும் உபயதாரர் பெயரைக் கேலி செய்யாதவர் இல்லை. ஆயினும் ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி’யின் நினைவுக்கற்களும் அதே விளக்கின் உறவினர்தாம்.

ஊரின் விடை திருமலையின் விடையிலிருந்து வேறுபட்டது. இங்குக் கைமாற்றத்தக்க பங்கு எதுவும் இல்லை. வரி தருவதே உறுப்புரிமை. தருபவர் ஊரைச் சேர்ந்தவர். மரியாதை பெறவும் கூட்டத்தில் பேசவும் தகுதி உடையவர். இதன் மறுபக்கம் கடுமையானது. யாரிடம் வரி வாங்கப்படுவதில்லையோ அவர் ஊருக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். தலித் குடியிருப்புகளிடம் திருவிழா வரி வாங்க மறுப்பது விலக்கலின் வடிவங்களில் ஒன்று என்பதும், எங்களிடமும் வரி வாங்குங்கள் என்பது உரிமைக் கோரிக்கையாகவே எழுந்திருக்கிறது என்பதும் தமிழகச் சமூக வரலாற்றைப் பயில்வோர் அறிந்தவை. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித் மக்களின் நுழைவு தொடர்பான மோதலையடுத்து முத்திரையிடப்பட்டதும் ஒரு தருமராசர் – திரௌபதி அம்மன் கோயில்தான். கூட்டாகத் திரட்டுவதாலேயே ஒரு நிதி சமத்துவமானதாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்நோக்கில் 2012இன் திரள்நிதி ஒரு வகையில் ஊர்ப்பாரதத்தை விஞ்சுகிறது. பணம் தர முன்வந்தவரின் சாதியையோ ஊரையோ அங்கு எவரும் கேட்கவில்லை. தேவை பணமும் இணையமும் பன்னாட்டுப் பணவட்டையும் மட்டுமே. அம்மூன்றும் எல்லோர்க்கும் எட்டுபவை அல்ல என்பது வேறு செய்தி. 2013இல் இந்தியாவிலிருந்து இயங்கிய பைரோடாக்டைல் என்னும் சிறுநிறுவனம், பஞ்சத்தில் தவிக்கும் பண்டைய இந்திய நகரொன்றைக் களமாகக் கொண்ட ‘அன்ரெஸ்ட்’ என்ற பாத்திரமேற்பு விளையாட்டுக்கு 3,000 டாலர் கேட்டு, 36,000 டாலருக்கு மேல் பெற முடிந்ததும் இத்திறந்த வாயிலால்தான்.

ஆனால் உரிமை என்னும் அளவுகோலில் திரள்நிதி மற்ற இரண்டுக்கும் பின்தங்குகிறது. ‘வேஸ்ட்லேண்ட் 2’ சொன்ன காலத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு பிந்தி 2014 செப்டம்பரில் வந்தது, அது பொறுக்கத்தக்கது. 2013இல் 41 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய ‘டார்மென்ட்: டைட்ஸ் ஆஃப் நூமனேரா’ 2017இல் வெளிவரும் தறுவாயில், உறுதியளிக்கப்பட்ட சில துணைப்பாத்திரங்களும் இத்தாலிய மொழியாக்கமும் கைவிடப்பட்டமை தெரியவந்தது. கோபத்தைக் காட்டுவதைத் தவிர ஆதரவாளர்கள் செய்யக்கூடியது மிகக் குறைவே. கல்லில் எழுதிய பெயரும் நிறுவனத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டதே: 2015இல் ஆதரவாளர் ஒருவரின் நினைவுக்கல் பாடல் திருநர்களை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு எழுந்தபோது அது மாற்றப்பட்டது. மாற்றியது தவறன்று, அத்தகைய முடிவை எடுக்க ஒரு பொதுக்கூட்டம் அங்கில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

பங்கு என்ற கேள்வியை நிறுவனங்களும் உணராமல் இல்லை. 2015இல் தொடங்கிய ‘ஃபிக்’ என்னும் தளம், முதலீடு செய்பவர்களுக்கு விளையாட்டின் வருவாயில் ஒரு பகுதி தருவதாகச் சொன்னது. ‘வேஸ்ட்லேண்ட் 3’, ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி’யின் இரண்டாம் பாகம் ஆகியவை அவ்வழியே நிதி பெற்றன. விட்டவன் விழுக்காட்டின் தொலைதூர எதிரொலி என இதனைக் கொள்ளலாம். எனினும் நிறுவனத்தின் உரிமை அதில் அடங்கவில்லை. 2018 நவம்பரில் இன்எக்ஸைல், ஆப்சிடியன் இரண்டையும் வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எந்தப் பெருநிறுவனங்களின் புறக்கணிப்பை மீறி ஆயிரக்கணக்கானோர் பணம் தந்தனரோ, அத்தகைய ஒன்றின் கைக்கே அந்தப் பட்டறைகள் சென்றன. முன்பணம் தந்த எவருடைய இசைவும் அதற்குத் தேவைப்படவில்லை.

திரள்நிதி தோல்வியுற்றது என்பது இதன் முடிவன்று. கைவிடப்பட்ட ஒரு கலைவடிவத்தை அது மீட்டது. விளையாட்டுகள் வந்தன, விரும்பி ஆடப்பட்டன. ஆனால் புரவலரின் அன்பு ஒன்று, அவருடைய உரிமை வேறொன்று. திருமலை உரிமையைக் கல்லில் வரையறுத்தது. சித்தூர் ஊர்கள் அதனை உறுப்புரிமையாக மாற்றி, அதே வேகத்தில் சிலரை வெளியே நிறுத்தின. கிக்ஸ்டார்ட்டர் வாயிலைத் திறந்து வைத்தது. உள்ளே வந்தவருக்குப் பெயரைத் தந்து, பங்கைத் தரவில்லை. எனவே கல்வெட்டாயினும் வரிப்பட்டியலாயினும் ஆதரவாளர் பெயர்வரிசையாயினும், ஆய்வாளர் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். இதில் யாருடைய பெயர் இல்லை? பெயர் இருப்பவருக்கு அப்பெயரைத் தவிர வேறு என்ன இருந்தது?