சுஹைலியும் ஜோஷுவாவும்

1968-இல் தொடங்கிய உலகம் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியை இரு மனிதர்களின் கதையாகச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. ஒருவர் வென்ற ஆங்கிலேயர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். மற்றவர், வெல்லும் நிலையிலிருந்தும் போட்டியை உதறிவிட்டுத் தஹிதித் தீவுக்குப் போய்விட்ட பிரெஞ்சுக்காரர் பெர்னார் முவாத்தெசியே. கடமை ஒருபுறம், துறவு மறுபுறம் என நிறுத்திப் பேச இது வசதியான ஏற்பாடுதான். நமக்கோ அவர்களைச் சுமந்த படகுகளைப் பற்றிப் பேசவே விருப்பம். படகுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், மனிதர்களைப் பற்றிய சில தீர்ப்புகள் ஆட்டம் காண்கின்றன.

போட்டியை அறிவித்தது லண்டனின் சண்டே டைம்ஸ் இதழ். தனியொருவராக, எந்தத் துறைமுகத்திலும் நில்லாமல், பிறர் உதவி பெறாமல் உலகைச் சுற்றி வரவேண்டும். முதலில் திரும்புவோருக்குத் தங்கக் கோளம். குறைந்த நாட்களில் முடிப்போருக்கு 5000 பவுண்டு. புறப்படும் நாளை, விதித்த கெடுவுக்குள், அவரவரே தேர்ந்துகொள்ளலாம். ஒன்பது பேர் கிளம்பினர். சுற்றை முடித்துத் திரும்பியவர் ஒருவரே.

சுஹைலி பம்பாயில் பிறந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் அப்போது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தில் அதிகாரி. இந்தியத் தச்சர்கள் வாய்ச்சியும் வில் துரப்பணமும் கொண்டு, தேக்கில் இழைத்து உருவாக்கிய 32 அடிப் படகு அது. 1964-இன் இறுதியில் நீரில் இறங்கியது. (ஆங்கிலத்தின் 'டீக்' என்ற சொல்லே நம் தேக்கிலிருந்து, மலையாளக் கரையில் போர்த்துகீசியர் வாய்வழியாகச் சென்றதுதான்.) வரைபடம் அமெரிக்கர் வில்லியம் ஆட்கினுடையது. அதன் மூலம் இன்னும் பழையது. நார்வேயின் காலின் ஆர்ச்சர், புயலில் மீனவரைக் காக்க வடித்த மீட்புப் படகுகளே அதன் முன்னோர். முன்னும் பின்னும் கூர்ந்த உடல், ஆழ்ந்த அடிமரம். பின்னிருந்து துரத்தும் அலையைக் கூர்ந்த முனை பிளந்து அனுப்பிவிடும் என்பது அம்மரபின் நம்பிக்கை.

ஜோஷுவாவுக்கும் இரு முனையும் கூர்மையே. சுஹைலியைப் போலவே இரட்டைப் பாய்மரமே. ஆனால் உடல் முழுக்க எஃகு. ஏறத்தாழ 40 அடி நீளம். ழான் நோக்கர் வரைய, கடலுக்கு வெகுதொலைவிலுள்ள ஷோஃபாய் என்னும் ஊரின் பட்டறையில் 1962-இல் உருவானது. பாய்மரங்கள் தந்திக் கம்பங்களிலிருந்து வந்தவை! அதற்கு முன் முவாத்தெசியே இரண்டு மரப் படகுகளைக் கரையில் மோதவிட்டு இழந்திருந்தார். எஃகின் மீது அவருக்கு வந்த பற்றை இழப்பின் பாடம் என்றே கொள்ளலாம். நாக்ஸ்-ஜான்ஸ்டனும் இப்போட்டிக்கு எஃகுப் படகொன்றைக் கட்டவே முயன்றார், பணம் தேறவில்லை. ஆகவே கையிலிருந்த சுஹைலி.

மரத்துக்கும் எஃகுக்கும் உள்ள வேறுபாடு கடலில் தெளிவாகத் தெரிந்தது. அட்லாண்டிக்கிலேயே சுஹைலிக்குள் நீர் கசிந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் நீரில் மூழ்கி, அடிமரத்தருகே பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பற்று வேலை செய்தார். இடையே வந்த சுறாவைச் சுட்டார். பின்னர் தென்கடலில் மேற்கூடு அசைந்தது, குடிநீர் கெட்டது, வானொலி ஊமையானது, தானே திசை காக்கும் கருவியும் உடைந்துபோனது. ஜோஷுவாவுக்கு நேர்ந்த பெரிய விபத்து, தென்னாப்பிரிக்கக் கரைக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பலோடு மோதியது. முன்னே நீண்ட எஃகுக் குழாய் வளைந்தது. முவாத்தெசியே கப்பிகளும் கயிறும் கொண்டு இழுத்து நிமிர்த்திவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். மரமானால் முறிந்திருக்கும்.

எனவே ஜோஷுவா விலகியதால்தான் சுஹைலி வென்றது என்கிறார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். சுஹைலி 1968 ஜூன் 14-இல் புறப்பட்டு, 1969 ஜனவரி 17-இல் ஹார்ன் முனையைக் கடந்தது, 217 நாட்கள். ஜோஷுவா ஆகஸ்ட் 22-இல் புறப்பட்டு பிப்ரவரி 5-இல் கடந்தது, 167 நாட்கள். அங்கிருந்து வீடு திரும்ப சுஹைலிக்கு 95 நாட்கள் ஆயின. இதே விகிதத்தில் ஜோஷுவாவுக்கு 73 நாட்கள் ஆகியிருந்தால், ஏப்ரல் 19-இல் இங்கிலாந்து சேர்ந்திருக்கும். சுஹைலி ஃபால்மவுத் சேர்ந்ததோ ஏப்ரல் 22. மூன்றே நாள்! அட்லாண்டிக்கின் காற்றில்லா வெளியில் மூன்று நாள் என்பது ஒன்றுமேயில்லை. விரைவுக்கான 5000 பவுண்டு ஜோஷுவாவுக்கே உரியதாக இருந்திருக்கும் என்பதை ஏற்கிறோம். தங்கக் கோளமும் அதற்கே என்று யாரும் உறுதி கூற முடியாது. கசியும் படகில் 312 நாள் கழித்தவரின் வெற்றியைப் பிறர் விட்டுச்சென்ற மிச்சம் என்பது அநியாயம்.

முவாத்தெசியே தன் முடிவை கேப் டவுன் அருகே ஒரு கப்பலுக்குக் கவண்வில்லால் எறிந்து அறிவித்துவிட்டு, உலகை மேலும் பாதிச் சுற்று சுற்றி, ஜூன் 21-இல் தஹிதி சேர்ந்தார். படகு ஒழுகிக்கொண்டிருந்தால் இந்த முடிவு சாத்தியமா என்ற கேள்வி நமக்கு எழாமலில்லை. உலர்ந்த அறையும் முறியாத உடலும் உள்ளவருக்கே இன்னும் பத்தாயிரம் மைல் போகலாம் என்ற எண்ணம் வரும்.

1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூகாஸில் வீசிய புயல், ஜோஷுவாவை வேறு பல படகுகளோடு மணலில் வீசியது. உடல் நசுங்கியது, உடையவில்லை. மனமுடைந்த முவாத்தெசியே அதை இரு இளைஞர்களுக்கு வெறும் 20 டாலருக்குக் கொடுத்தார். அவர்கள் அதை மீட்டனர். 1990-இல் லா ரோஷெல் கடல்சார் அருங்காட்சியகம் அதை வாங்கிப் பிரான்சுக்குக் கொண்டுசென்றது. 1994-இல் முவாத்தெசியே மறைந்தார்.

சுஹைலியும் 1997-இல் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துக்குள் சென்றது. அங்கே உலர்காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்கத் தொடங்கின. தென்கடலால் முடியாததை அருங்காட்சியகக் கூடம் செய்துவிடும் என்று அஞ்சிய நாக்ஸ்-ஜான்ஸ்டன், 2002-இல் அதை வெளியே எடுத்து, பழுதுபார்த்து, மீண்டும் நீரில் இறக்கினார்.

போட்டியின் ஐம்பதாம் ஆண்டான 2018-இல் அதே பழைய முறையில் மறுபோட்டி நடந்தது. 32 முதல் 36 அடி வரை, 1988-க்கு முற்பட்ட வடிவமைப்பு, நீண்ட அடிமரம் என்பவை விதிகள். சுஹைலியை மனதில் வைத்தே அளவெடுத்ததுபோல் இருக்கிறது. ஜோஷுவா இவ்வளவுக்குள் அடங்காது. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டிய சுஹைலியின் நகலான 'துரியா'வில் அதில் கலந்துகொண்டார். செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் பாய்மரங்கள் முறிய, முதுகு அடிபட்டு மீட்கப்பட்டார். போட்டிக்கு முன், ஜூன் மாதம், ஃபால்மவுத்தில் நடந்த அணிவகுப்புக்கு லா ரோஷெலிலிருந்து ஜோஷுவாவும் வந்திருந்தது. 1969-இல் அது திரும்பி வராத ஆங்கிலக் கரையில், சுஹைலியோடு சேர்ந்து பாய் விரித்து ஓடியது.